சம்பாதியின் சிறகும் ஒரு பெட்ரோல் குழாயும்

எங்கள் பகுதியில் இளைஞர் ஒருவர் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். அஞ்சுகிராமத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு தென்னந்தோப்பில், தகரக் கொட்டகைக்குள், அலுமினியக் குழாய்களும் துணியும் கொண்டு இரண்டு ஆண்டுகளாக உருவாகிவரும் ஒற்றை இருக்கை விமானம் அது. எஞ்சின் ஒரு பழைய மோட்டார் சைக்கிளினுடையது. அண்மையில் அஞ்சுகிராமத்தில் கூடிய எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அவரை அழைத்திருந்தோம். அவரைப் பற்றி மூன்று கவிதைகள் வாசிக்கப்பட்டன. பொன்னாடை போர்த்தப்பட்டது. காமிராக்களின் முன்னிலையில் அவர் முதன்முறையாகப் பறக்கப்போகும் தேதியும் மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. அவரை வாழ்த்தி இப்பக்கத்தில் ஒரு கட்டுரை வரவேண்டும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம். அதற்காக எங்களுக்குக் கிடைத்த பட்டங்கள் பல: பொறாமைக்காரர்கள், நாற்காலி விமர்சகர்கள், மண்ணின் மைந்தனை மதிக்கத் தெரியாதவர்கள். இக்கட்டுரை அவற்றுக்கான பதில்.

அந்தக் கூட்டத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த பம்புசெட் மெக்கானிக் ஒருவர், எழுபதைக் கடந்தவர், எழுந்து நின்று கேட்டார்: "மக்களே, டாங்கிக்கும் எஞ்சினுக்கும் எடையில என்ன போட்டிருக்க?" இளைஞர், "ஒரு ஃபில்டரும் ஒரு டேப்பும் உண்டு பாட்டா" என்றார். "டாங்கிக்குள்ள காத்து போக வழி வெச்சிருக்கியா?" என்று பெரியவர் மறுபடியும் கேட்டார். கூட்டம் சிரித்தது. வானத்தைப் பற்றிப் பேசும் அவையில் டாங்கி மூடியைப் பற்றிக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நெறியாளர் அடுத்த கவிஞரை அழைத்தார். பதில் வரவேயில்லை. அன்று அந்த அவையில் கேட்கப்பட்டவற்றுள் உயிர் சம்பந்தப்பட்ட ஒரே கேள்வி அதுதான் என்பது எங்கள் கட்சி. சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

பறத்தலும் வீழ்தலும் குறித்து நம் இலக்கிய மனத்தில் ஊறிக்கிடக்கும் படிமம் சிறகுதான். கிரேக்கர்களுக்கு மெழுகுச் சிறகு உருகி விழுந்த இகாரஸ். நமக்குச் சூரியனை நெருங்கிய தம்பி சடாயுவைக் காக்கப் போய்த் தன் சிறகுகள் கரிந்து விழுந்த சம்பாதி. அந்தச் சம்பாதி தென்கடலோரத்தில் வானரர்களைச் சந்தித்து இலங்கையின் திசையைக் காட்டினான் என்பதும், அதன்பின் அனுமன் மகேந்திர மலையிலிருந்து தாவினான் என்பதும் இராமகாதை. அந்த மலை இங்கே வடக்கே தெரியும் மகேந்திரகிரிதான் என்பது நம் ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ஆகவே இக்கதை நமக்கு இரட்டிப்பு நெருக்கம். உயரே செல்ல ஆசைப்பட்டவன் சிறகை இழந்து வீழ்கிறான் என்னும் கதையில் ஒரு மாண்பு இருக்கிறது. வீழ்ந்தவன் பெரியவனாகிறான். பார்த்தவர்கள் கவிஞர்களாகிறார்கள்.

ஆனால் வீட்டில் கட்டிய விமானங்கள் அவ்வாறு விழுவதில்லை. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்வகை விமானங்களைப் பற்றி 2012ஆம் ஆண்டு விரிவான ஆய்வொன்றை வெளியிட்டது. 2011இல் நிகழ்ந்த 224 விபத்துகளை அது ஆராய்ந்தது. அந்நாட்டின் தனியார் சிறுவிமானங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் அமெச்சூர்கள் கட்டியது. அந்தப் பத்து சதவீதம் மொத்த விபத்துகளில் 15 சதவீதத்துக்கும், உயிர்ச்சேத விபத்துகளில் 21 சதவீதத்துக்கும் உரியதாக இருந்தது. காரணங்களில் முன்னிலையில் நின்றவை இரண்டு: எஞ்சின் செயலிழப்பு, பறக்கும்போது கட்டுப்பாட்டை இழத்தல். இறக்கை முறிவது போன்ற கட்டமைப்புச் சேதம் அரிதாகவே காணப்பட்டது. அமெச்சூர்கள் இறக்கையை நன்றாகவே கட்டுகிறார்கள். எல்லோரும் பார்ப்பது அதைத்தான், எல்லோரும் பாடுவதும் அதைத்தான். யாரும் பார்க்காத இடத்தில், டாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ஒன்றரை முழக் குழாயில், சாவு காத்திருக்கிறது.

அந்தக் குழாயில் என்னென்ன நடக்கக்கூடும்? இதைப் புரிந்துகொள்ள விமானவியல் படித்திருக்க வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டில் வயலும் வள்ளமும் கண்ட எவருக்கும் விளங்கக்கூடியதே. டீசல் பம்புசெட் காற்றுப் பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். கோடை நண்பகலில் அம்பாசிடர் கார் நடுவழியில் நின்றுபோக, ஓட்டுநர் ஈரத் துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு வேப்பமர நிழலில் காத்திருந்ததையும் பார்த்திருக்கிறோம். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதன் விளைவு அது. அதே பெட்ரோல், அதே சூடு, அதே குழாய் முந்நூறு அடி உயரத்திலும் உண்டு. வேப்பமர நிழல்தான் அங்கே இல்லை. டாங்கியின் காற்றுத் துளையில் குளவி மண்கூடு கட்டினால், எரிபொருள் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஒழுக்கு நின்றுவிடும். நம் கடலோர ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உறையக்கூடும் என்றால் நண்பர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். குறுகிய கழுத்து வழியே காற்று விரையும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் வெப்பநிலை சட்டென்று வீழ்கிறது. வெளியே 30 டிகிரி வெயில் அடித்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்து, எஞ்சினின் விசையைக் குறைத்துத் தாழ இறங்கும் வேளையில் உள்ளே உறைபனி படிந்து மூச்சை அடைக்கும்.

இவற்றோடு புதிய காரணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதைத் தாங்கும்படி செய்யப்படாத ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அரிக்கும். சிறு விமானங்களில் பரவலாகப் பயன்படும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கே அதன் தயாரிப்பாளர் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதித்திருக்கிறார். பங்கில் நிரப்பும் பெட்ரோலையும் பழைய பைக்கின் குழாயையும் நம்பி வானேறுகிறவர் இதை அறிந்திருக்க வேண்டாமா? மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்திய எவரேனும் இதைச் சொன்னோமா?

எஞ்சினைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார் சைக்கிளின் எஞ்சின் சாலைக்கெனப் பிறந்தது. ஒரு கணம் சீறும், மறுகணம் இளைப்பாறும். விமான எஞ்சினோ முழு விசையின் முக்கால் பங்கை மணிக்கணக்கில் தர வேண்டும். சான்று பெற்ற பிஸ்டன் விமான எஞ்சின்களில் ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும்படி இரண்டு தனித்தனித் தீப்பொறி அமைப்புகள் இருக்கும். பைக்கில் ஒன்றுதான். இலகு விமானங்களுக்கெனவே செய்யப்பட்ட ரோட்டாக்ஸின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கையேட்டில்கூட, இது திடீரென நின்றுவிடக்கூடிய எஞ்சின், நின்றால் பத்திரமாக இறங்க முடியாத இடத்தின் மீது பறக்காதே என்னும் பொருள்பட எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. விற்கிறவனே தன் சரக்கைப் பற்றி இப்படி எழுதுகிறான். பாடுகிற நாம் எழுதுவதில்லை.

எஞ்சின் நின்ற பிறகு நடப்பதைச் சொல்லவேண்டும். சின்னமுட்டத்திலிருந்து போகும் வள்ளத்தில் எஞ்சின் நின்றால் வள்ளம் மிதக்கும். கடலில் ஆடிக்கொண்டிருந்தாலும் யோசிக்க நேரம் உண்டு. விமானம் மேலெழுந்து முந்நூறு அடியில் இருக்கும்போது எஞ்சின் நின்றால் விமானிக்குக் கிடைப்பது சில நொடிகள். சரியான செயல், மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, எதிரே எது கிடக்கிறதோ அதில் இறங்குவது. ஆனால் மனித மனம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. ஓடுபாதை அங்கே இருக்கிறது, வீடு அங்கே இருக்கிறது. திரும்புவதற்காக விமானத்தை 45 பாகை சாய்த்தால், இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் உயர்ந்துவிடும். 60 பாகை சாய்த்தால் 41 சதவீதம். எஞ்சின் இல்லாமல் வேகம் குறைந்துகொண்டேபோகும் அதே நேரத்தில் தேவைப்படும் வேகம் கூடிக்கொண்டேபோகிறது. இரண்டும் சந்திக்கும் புள்ளியில் விமானம் கல்லாகிறது. எஞ்சின் செயலிழப்பும் கட்டுப்பாட்டிழப்பும் ஆய்வில் தனித்தனிக் காரணங்களாக எண்ணப்பட்டாலும் பல வேளைகளில் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வருகின்றன.

இங்கேதான் வாசகர்களாகிய நமக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறோம். விபத்து விசாரணை அறிக்கைகளை வாசியுங்கள். எங்கள் அனுபவத்தில், துன்பியலின் கட்டமைப்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் உரைநடை வேறு குறைவு. எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் மரணம். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் அவர் ஓட்டிய லாங்-ஈஸி விமானம் விழுந்தது. பர்ட் ரூட்டனின் வரைபடத்தைக் கொண்டு வேறொருவர் வீட்டில் கட்டியது அது. டென்வர் அப்போதுதான் அதை வாங்கியிருந்தார். அதே வரைபடத்தின் வழியே பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகமும் 1980களில் ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டியது என்பதால் இவ்விமானம் நமக்கும் அந்நியமன்று.

வானத்தை நேசித்த பாடகன் வானத்திலேயே மறைந்தான் என்று எழுதிவிட்டால் ஒரு நல்ல இரங்கற்பா முடிந்துவிடும். அறிக்கை அவ்வாறு எழுதவில்லை. வரைபடத்தின்படி இடது டாங்கிக்கும் வலது டாங்கிக்கும் மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கிடையே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். கட்டியவர் எரிபொருள் குழாய் விமானி அறைக்குள் வருவதை விரும்பாமல் அதை இடது தோளுக்குப் பின்னே வைத்துவிட்டார். அந்தத் திருகும் இறுகிப்போய்க் குறடு கொண்டு திருப்பவேண்டிய நிலையில் இருந்தது. எரிபொருள் அளவைக் காட்டும் கண்ணாடி இருக்கைக்குப் பின்னே, அளவுக்கோடுகள் இன்றி இருந்தது. அன்று புறப்படும்முன் எரிபொருள் நிரப்பிக்கொள்ளச் சொன்னபோது அவர் வேண்டாம் என்றார். ஒரு டாங்கி வற்றி எஞ்சின் தடுமாறியபோது, திருகை எட்ட அவர் கைப்பிடியை விட்டு உடலை முறுக்கித் திரும்பவேண்டியிருந்தது. அப்படித் திரும்புகையில் வலது கால் பெடலை அழுத்தியிருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. இரண்டாயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்த அனுபவசாலி அவர். அவரை வீழ்த்தியது விதியன்று. எவரோ ஒரு பட்டறையில், என்றோ ஒரு மாலையில், குழாயை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று எடுத்த முடிவு. இதைவிடக் கூர்மையான சிறுகதை ஒன்றை நண்பர்கள் எங்களுக்குக் காட்டட்டும்.

நம் நாட்டில் என்ன செய்கிறோம்? எதையும் அறியாத நாடன்று இது. 1910இலேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ், தாமே திட்டமிட்டு சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டுவித்த விமானத்தைச் சென்னையில் பறக்கவிட்டுக் காட்டினார். நம் அண்டையிலேயே, 2014இல், கேரளத்துத் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த, பேசவும் கேட்கவும் இயலாத சஜி தாமஸ் தம் கையால் கட்டிய விமானம் மணிமுத்தாறில் பறந்தது. 2017இல் மலையாளத்தில் 'விமானம்' என்னும் திரைப்படத்துக்கு அவர் வாழ்க்கை தூண்டுதலாயிற்று. நாம் இக்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஆனால் அவருக்கு ஓய்வுபெற்ற விமானப்படை விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயரின் துணை கிட்டியது என்பதையும், தென்னந்தோப்பு விளிம்பை விட்டு முறையான ஓர் ஓடுதளத்துக்கு வந்து சேர்ந்த பிறகே அந்த விமானம் பறந்தது என்பதையும் நம் சொல்லலில் விட்டுவிடுகிறோம். தனியொருவனின் மேதைமை என்னும் கதைக்கு அது இடைஞ்சல்.

மறுதரப்பில் அரசு. மும்பை காந்திவலியில் வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவை எடுத்துக்கொள்வோம். 2016இல் அவ்விமானம் பொதுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017 நவம்பரில்தான் பதிவு கிடைத்தது. பறந்து சோதிக்கும் அனுமதி 2019இல் கிடைத்தது. தொழில்முறை விமானிக்கே இந்நிலை என்றால் கொட்டகையில் கட்டுகிறவர் எந்த அலுவலகத்தின் படியில் போய் நிற்பார்? அமெரிக்காவில் அமெச்சூர் விமானத்துக்கு அங்கீகாரம் தந்து, எஞ்சினும் விசிறியும் சான்று பெற்ற இணையென்றால் 25 மணி, இல்லையென்றால் 40 மணி, குறிப்பிட்ட பரப்புக்குள் பயணி எவரும் இன்றிச் சோதித்துப் பறக்கச் சொல்கிறார்கள். அங்கும் விபத்துகள் நிகழத்தான் செய்கின்றன. ஆனால் எதைச் சோதிக்கவேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது, விழுந்தால் ஏன் என்பதும் எழுதப்படுகிறது. கதவை அடைத்தே வைத்திருக்கும் நிர்வாகம் கட்டுகிறவரை இருட்டுக்குத் தள்ளுகிறது. மேடை ஏற்றும் நாம் அவரை வெளிச்சத்தில் நிறுத்திக் கண்களைக் கூசவைக்கிறோம். எஞ்சினை ஓட்டிப் பார்த்தாயா என்று கேட்கும் பொறுப்பிலிருந்து இருவரும் தப்பித்துக்கொள்கிறோம்.

எங்களை மறுப்பவர்களின் பெரிய ஆயுதம் ரைட் சகோதரர்கள். அவர்கள் யாரிடம் உரிமம் வாங்கினார்கள், யாரிடம் கேட்டுப் பறந்தார்கள் என்கிறார்கள். நல்லது, அவர்களையே பார்ப்போம். எஞ்சின் பொருத்துவதற்கு முன் 1902இல் அவர்கள் எஞ்சினில்லாத கிளைடரில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பறந்து பழகினார்கள். எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதை எஞ்சின் வருவதற்கு முன்பே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். சார்லி டெய்லர் செய்துகொடுத்த எஞ்சினை 1903 பிப்ரவரியில் பட்டறையில் ஓட்டிச் சோதித்தபோது, சொட்டிய பெட்ரோலால் பேரிங்குகள் இறுகி எஞ்சினின் உடலே உடைந்தது. புதிதாக வார்த்துச் செய்தார்கள். டிசம்பரில் பறந்தார்கள். அந்த எஞ்சின் தரையில் உடைந்ததால்தான் இன்று அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ரைட்களைத் தேடி அமெரிக்கா போகவும் வேண்டாம். சம்பாதியின் மலை என்று நாம் சொல்லும் மகேந்திரகிரியின் அடிவாரத்திலேயே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்களைத் தரையோடு பிணைத்து நூற்றுக்கணக்கான நொடிகள் எரித்துப் பார்ப்பதே அங்கு வேலை. 2010 ஏப்ரல் 15 அன்று நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு கிளம்பிய ஜிஎஸ்எல்வி-டி3 தோல்வியுற்றது. திரவ ஹைட்ரஜனை எஞ்சினுக்கு ஊட்டும் சிறு டர்போ பம்பு நின்றுபோனதே காரணம் என்று கண்டறிந்து வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அங்கும் டாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட இடம்தான்! மீண்டும் மீண்டும் தரைச்சோதனைகள் செய்து 2014 ஜனவரி 5 அன்று வென்றார்கள். அன்றைக்குப் பின்வரிசைப் பெரியவர் கேட்ட கேள்வியும் அந்த வளாகத்தில் கேட்கப்படும் கேள்வியும் ஒன்றே. அங்கே கேட்டால் கூட்டம் சிரிப்பதில்லை.

இனி அந்த இளைஞரைப் பற்றி. கட்டுரை எழுத மறுத்த நாங்கள் அவரைத் தேடிக் கொட்டகைக்குச் சென்றோம். பெரியவரும் உடன் வந்தார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அமெச்சூர்களுக்கென வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லப்பட்ட எளிய சோதனையொன்றைச் செய்து பார்த்தோம். விமானத்தின் மூக்கை மேலேறும் நிலைக்கு உயர்த்திவைத்து, எஞ்சினுக்குள் போகும் குழாயைக் கழற்றி, பெட்ரோலை ஒரு வாளியில் விழவிட்டு அளக்கவேண்டும். மேலிருந்து தானாக இறங்கும் அமைப்பென்றால், எஞ்சின் முழு விசையில் குடிக்கும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு வரவேண்டும். மணிக்கு 12 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு மணிக்கு 18 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 300 மில்லி. தேவையான கருவிகள் நான்கு செங்கல், ஒரு வாளி, ஓர் அளவுக் குவளை, ஒரு கைக்கடிகாரம்.

டாங்கி மூடியை இறுக்கிவிட்டுத் திறந்தோம். முதல் நிமிடம் நன்றாகவே கொட்டியது. இளைஞரின் முகம் மலர்ந்தது. இரண்டாம் நிமிடம் இளைத்தது. பிறகு சொட்டத் தொடங்கியது. பெரியவர் எட்டி மூடியைத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் ஓசை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. குழாயில் பெட்ரோல் மறுபடி பாய்ந்தது. கொட்டகையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. குறித்த தேதியில் பறந்திருந்தால், ஓடுதரை முடிந்து பனைகளுக்கு மேல் ஏறும் வேளையில் அந்த இரண்டாம் நிமிடம் வந்திருக்கும்.

அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுதாததற்குக் காரணம் இதுதான். பெயர் அச்சேறினால் தேதி வரும். தேதி வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்த பின் குழாயைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க எவருக்கும் மனம் வராது. வீட்டில் கட்டிய விமானத்தில் மிக ஆபத்தான உறுப்பு எது என்று எங்களைக் கேட்டால், ஊரார் குறித்துக்கொடுத்த தேதி என்போம்.

தேதி இப்போது கைவிடப்பட்டிருக்கிறது. மூடியில் காற்றுக் குழல் பொருத்தி, அதன் வாயில் குளவி நுழையாமல் வலை கட்டியிருக்கிறார்கள். எஞ்சினைத் தரையில் முளையடித்துக் கட்டி மணிக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் வேலை நடக்கிறது. பறப்பதா என்னும் முடிவு, முறையான ஓடுதளமும் அனுமதியும் பயிற்சி பெற்ற விமானி ஒருவரின் பார்வையும் கிடைத்த பிறகுதான் என்று அவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். அதுவரை அவருக்காகக் கவிதை எழுதத் துடிக்கும் நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்கு வாருங்கள். எஞ்சின் ஓடும்போது சூட்டையும் நேரத்தையும் நோட்டில் குறித்துவைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. எழுதத் தெரிந்தவர்கள் செய்யக்கூடிய வேலை அது.